எதிர்பாராத செலவு, பத்து சதவீதம்

பரணை அறையாக மாற்றுவதற்குப் போட்ட முதல் பட்ஜெட்டில், ‘எதிர்பாராத செலவு’ என்ற வரிக்கு எதிரே பத்து சதவீதம் என்று எழுதி, தசமம் சார் கையெழுத்துப் போட்ட மறுநாள் காலை ஆறரை மணிக்குப் பரணில் ஒரு குளம் இருந்தது. முழங்கால் அளவு தண்ணீர். ஓரமாகக் கொஞ்சம் கோரைப்புல், நடுவில் அல்லி இலைகள், விரல் நீளத்தில் இருநூறு மீன்கள் வரை. கீழே ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு நீள அகலம் பார்க்க ஏணியில் ஏறியவர், பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு நீள அகலத்தோடு ஆழத்தையும் அளந்தார். இறங்கி வந்து கால் துடைத்தார். கூடத்தில் தையல் மிஷினுக்கு முன்னால் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த மனைவியிடம், “மேல கொளம் இருக்கு” என்றார். அவள் நூலின் நுனியை வாயில் வைத்து ஈரப்படுத்திவிட்டு, “பத்து மணிக்கு ஒருத்தங்க வர்றாங்க, அதுக்குள்ள எறைச்சிடுவீங்களா?” என்று கேட்டாள்.

பத்து மணிக்குள் முடியவில்லை. மூன்று நாள் பிடித்தது. பம்பு வாடகை, டீசல், முப்பது மீட்டர் குழாய், மீன்களைக் குடத்தில் அள்ளி வாய்க்காலில் விட்டுவந்த இரண்டு பேருக்குக் கூலி, பலகை காயவைக்க நாலு மின்விசிறி என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் நாற்பத்தோராயிரத்து இருநூற்றுப் பதினேழும் ஐம்பது காசும் வந்தது. பட்ஜெட்டின் மொத்தத் தொகை நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து நூற்று எழுபத்தைந்து. பத்து சதவீதம் என்பது காசு சுத்தமாக அதுதான். அந்த ஐம்பது காசு, எல்லாம் முடிந்தபிறகு உத்தரத்துக்குப் பின்னால் துள்ளிக்கொண்டிருந்த கடைசி மீனைக் கொண்டுபோக வாங்கிய பிளாஸ்டிக் பைக்குக் கொடுத்தது. தசமத்துக்கு அன்று கவலையைவிடத் திருப்திதான் அதிகம் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். தன் வாழ்நாளில் ஒரு மதிப்பீடு இவ்வளவு துல்லியமாக அமைந்து அவர் பார்த்ததில்லை.

தசமம் என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் இல்லை. ஆபீசில் வைத்தது. ஊரில் யார் என்ன கட்டினாலும் அதற்கான மதிப்பீட்டுக் காகிதம் அந்த ஆபீசுக்குத்தான் வரும்; அதைச் சரிபார்த்து மேலே அனுப்புவதோ, திருப்பி அனுப்புவதோ அவர் வேலை. இருபத்திரண்டு வருடத்தில் அவர் மேலே அனுப்பியது குறைவு. புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் இல்லாத தொகையை அவர் தொகையாகவே மதிக்கமாட்டார். பள்ளிக்கூடம், பாலம், மாட்டுக்கொட்டகை எதுவாக இருந்தாலும் சரி, கடைசியில் ‘எதிர்பாராத செலவு’ என்ற வரி இல்லையென்றால் சிவப்பு மையில் ‘மறுபரிசீலனைக்கு’ என்று எழுதித் திருப்பிவிடுவார். அந்த வரிக்கான தொகை வேலை தொடங்குமுன்பே தீர்ந்துபோனால் பழைய மதிப்பீடு செல்லாது, முதலிலிருந்து புதிதாகப் போட வேண்டும் என்பதும் விதி. அந்த விதியை எழுதியது யார் என்று ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். நாளடைவில் அந்தப் பெயர் ஆபீசைத் தாண்டித் தெருவுக்கு வந்து, தெருவைத் தாண்டி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. திரைச்சீலை தைக்கக் கொடுக்க வருகிறவர்கள்கூட, “தசமம் சார் இருக்காரா, அளவு சரியா இருக்கான்னு அவரையும் ஒரு வாட்டி பாக்கச் சொல்லுங்க” என்பார்கள்.

பரண் விஷயம் மகளால் வந்தது. அவள் பெரிய ஆஸ்பத்திரியில் நர்சாகச் சேர்ந்த புதிது. பாதி மாதம் இரவு டியூட்டி. காலையில் எட்டு மணிக்கு வந்து படுத்தால் பகலில் தூங்க வேண்டும். வீடு என்பதோ ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. கூடத்தில் மிஷின் ஓடும். படுக்கையறைக்கும் கூடத்துக்கும் நடுவில் பலகைத் தடுப்பு. அதன் வாசலில் கதவு கிடையாது, அம்மா தைத்த திரைச்சீலைதான் தொங்கியது. பச்சையில் மஞ்சள் பூப்போட்ட, பார்க்க லட்சணமான திரைச்சீலை. அதைத் தள்ளிக்கொண்டு வாடிக்கையாளர்கள் உள்ளே வந்து, கட்டிலின் மறுபக்கம் அடுக்கியிருந்த துணிகளில் தங்களுக்கானதைத் தேடுவார்கள். ஒருமுறை ஒரு அம்மாள் வெளிச்சத்தில் நிறம் பார்ப்பதற்காக, தூங்கிக்கொண்டிருந்த மகளின் மேலேயே நாலு கஜத்தை விரித்துப் பார்த்தாள். அன்று சாயங்காலம் மகள் கண்கள் சிவக்க எழுந்து வந்து, “எனக்கு நகை நட்டு ஒண்ணும் வேணாம்ப்பா. ஒரு கதவு போதும்” என்றாள். “பரணை ரூமாக்கிடலாம்மா. மூணே மாசம்” என்றார் தசமம். பிற்காலத்தில் தன்னைத்தானே திட்டிக்கொள்ள வேண்டிய சமயங்களில் அவர் இந்த ‘மூணே மாசம்’ என்ற இரண்டு வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்துக்கொள்வார். வேறு வசவு தேவைப்பட்டதில்லை.

அவளுக்கு ஆறு வருடப் பாண்ட் இருந்தது. ஆறு வருடம் இந்த ஆஸ்பத்திரியை விட்டு நகரக்கூடாது. முடிந்தபிறகு, பதினாறு மணி நேரம் ரயிலில் போகும் தூரத்தில் கடற்கரை ஊரில் இருந்த இன்னொரு ஆஸ்பத்திரிக்கு மாற்றல் கேட்கலாம். அங்கே நர்சுகளுக்குத் தனித்தனி வீடு. “பாண்ட் முடியட்டும், அன்னைக்கே எழுதிக் குடுத்துடுறேன்” என்று அவள் சொன்னபோது அப்பாவும் அம்மாவும் சிரித்தார்கள். ஆறு வருடம் என்பது அப்போது தூரத்தில் இருந்தது. மூன்று மாதம் எங்கே, ஆறு வருடம் எங்கே.

குளத்தை இறைத்து முடித்த கையோடு மேஸ்திரியம்மா வந்தாள். கணவன் போனபிறகு அவனுடைய ஆட்களையும் அளவு டேப்பையும் எடுத்துக்கொண்டு தொழிலை நடத்துகிறவள். கைப்பையில் சீப்புக்குப் பக்கத்தில் ரசமட்டம் வைத்திருப்பாள். பரணில் ஏறி, குனிந்து நடந்து, நாலு மூலையிலும் உத்தரத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டாள். பிறகு கீழே வந்து பட்ஜெட் காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தாள்.

“பலகை சரி. ஜன்னல் சரி. கதவு சரி. இது என்ன சார், கடைசில?”

“எதிர்பாராத செலவு.”

“பத்து பர்சென்ட் வான்னு நீங்களே கூப்பிட்டிருக்கீங்க. வந்துட்டுப் போயிருக்கு. கூப்பிடாம விட்டிருக்கலாம்ல?”

“அது விதி, மேஸ்திரிம்மா. அந்த வரி இல்லாம வேலை தொடங்கக்கூடாது.”

“யாரு போட்ட விதி?”

“நான் போட்டதுதான்” என்றார்.

மேஸ்திரியம்மா காகிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, புதுசு போட்டதும் சொல்லி அனுப்பச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் போட்ட நாலு பெருக்கல் குறிகள்தான் அடுத்த ஆறு வருடத்தில் அந்தப் பரணில் நடந்த ஒரே கட்டுமான வேலை.

புதிய மதிப்பீடு போட ஏழு மாதம் ஆனது. அதற்குள் மரம் விலை ஏறி மொத்தம் நாலு லட்சத்து அறுபதாயிரத்து முந்நூறு. கடைசி வரியில் மறுபடியும் பத்து சதவீதம். ஒருமுறை வந்தது மறுமுறை வராது என்று அவர் நினைத்தார். மின்னல் விஷயத்தில் எல்லோரும் நினைப்பது போலத்தான். மறுநாள் காலை கூரை உத்தரங்கள் துளிர்விட்டிருந்தன. வெட்டி, அறுத்து, வார்னிஷ் அடித்து நாற்பது வருடம் ஆன மரம். மூன்று நாளில் இலை கையகலம் ஆனது, பத்தாம் நாள் ஒரு கிளை ஓட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே போனது. கிளை நறுக்க ஆள், ஏறிய வேரைச் சுவரிலிருந்து பிரிக்க ஆள், எழுபது ஓடு, மறுபடியும் வார்னிஷ். நாற்பத்தாறாயிரத்து முப்பது, சல்லிக்காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இலைகள் உதிர்கிற சத்தத்தில் தூங்கப் பழகிக்கொண்டிருந்த மகள், மரம் அறுக்கிற மிஷின் வந்த அன்று பெட்டியைக் கட்டினாள். ஆஸ்பத்திரி ஹாஸ்டலில் அவளுக்கு ஒரு அறை கிடைத்திருந்தது. “கதவு இருக்காம்மா அதுல?” என்று அம்மா கேட்டாள். “இருக்கும்மா. தாழ்ப்பாள்கூட இருக்கு” என்றாள். தசமம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை போனார். வழியில், அடுத்த பட்ஜெட்டில் கதவை இரட்டைப் பலகையாகப் போட்டுவிடலாம் என்று அவளிடம் சொன்னார். அவள், “சரிப்பா” என்றாள்.

அதன்பிறகுதான் அவருக்குப் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. அதை அவர் பின்னால் இப்படித்தான் சொல்வார், சொல்லிவிட்டுத் தலையில் லேசாகத் தட்டிக்கொள்வார். பத்து சதவீதம் என்றால் பத்து சதவீதத்துக்கு வருகிறது. குறைத்துப் போட்டால் குறைவாக வரும். இதைக் கண்டுபிடிக்க இரண்டு வருடமும் எண்பத்தேழாயிரத்துச் சொச்சமும் செலவாகியிருந்தது. மூன்றாவது மதிப்பீட்டில் இரண்டு சதவீதம் என்று எழுதினார். ஆபீசில் வேறு யாராவது அப்படி எழுதியிருந்தால் காகிதத்தை முகத்தில் விட்டெறிந்திருப்பார். மறுநாள் பரணில் ஒரு பெரியவர் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். மகன் வீட்டுக்குப் போக ரயில் ஏறியவராம். கண் அசந்துவிட்டது, விழித்தால் இங்கே. மூன்று நாள் இருந்தார். சத்தம் இல்லாத மனிதர். இரண்டு வேளை சாப்பாடு, மூன்று வேளை டீ, உடைந்த கண்ணாடிக்குப் புதுச் சட்டம், மகன் ஊருக்கு டிக்கெட், வழிச்செலவு எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம். கிளம்பும்போது புதுக் கண்ணாடியில் பட்ஜெட்டை ஒருமுறை படித்துவிட்டு, “மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு தம்பி. படிக்கட்டுக்குக் கம்மியாப் போட்டிருக்கீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். தசமம் இரவு முழுக்க யோசித்துப் பார்த்தார். கம்மியாகத்தான் போட்டிருந்தார்.

நாலாவது வருடம் கால் சதவீதம். வீட்டில் இருந்த இடதுகால் செருப்புகள் மட்டும் காணாமல் போயின. மகள் விட்டுவிட்டுப் போன பழைய செருப்பிலும் இடதுகால் இல்லை. புதுசு வாங்க ஆயிரத்து இருநூற்று அறுபது. ஒற்றைக்கால் செருப்போடு கடைக்கு நடந்துபோன அரை மணி நேரத்தில் தெருவே அவரைப் பார்த்தது. பக்கத்து வீட்டு பஸ் டிரைவர் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டே, “என்ன சார், பட்ஜெட் போட்டீங்களா?” என்று கேட்டார். விஷயம் அந்த அளவுக்கு ஊரறிந்ததாகிவிட்டது. இந்தக் காலத்தில் தசமம் தன் மதிப்பீடுகளை ஆபீசில் செய்வது போலவே ஒரு கோப்பில் வைத்து, சிவப்பு மையில் குறிப்பும் எழுத ஆரம்பித்திருந்தார். ஒன்றில், ‘இவர் கணக்கை நம்புவதற்கில்லை.’ இன்னொன்றில், ‘இவரிடம் பாலம் கட்டக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?’

மகள் அப்போதும் வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டுதான் இருந்தாள். சொல்லிக்கொண்டு வந்ததே இல்லை. டியூட்டி மாறும், யாராவது லீவ் போடுவார்கள், திடீரென்று ஒரு பகல் மிச்சமாகும். அடுத்த பஸ்ஸில் ஏறி வந்து வாசலில் நிற்பாள். “சொல்லிட்டு வந்தா ஏதாவது செஞ்சு வச்சிருப்பேன்ல” என்று அம்மா அங்கலாய்ப்பாள். “எனக்கே பஸ் ஏறும்போதுதாம்மா தெரியும்” என்பாள். வந்தால் மிஷின் நிற்கும். இரண்டு மணி நேரம் பேசுவார்கள். பிறகு அம்மா மடியில் தலைவைத்து அவள் பேச்சின் நடுவிலேயே தூங்கிப்போவாள். இப்படி மாதத்துக்கு மூன்று முறை, சில மாதம் நாலு.

ஐந்தாவது மதிப்பீட்டில் தசமம் அந்த வரிக்கு எதிரே பூஜ்யம் போட்டார். புள்ளி வைத்து, அதற்குப் பின்னாலும் இரண்டு பூஜ்யம் போட்டார். மறுநாள் காலை ஏணியில் ஏறிப் பார்த்தார். பரணில் ஒன்றும் இல்லை. தூசி இருந்தது, நாலு பெருக்கல் குறி இருந்தது. இறங்கி வந்து மனைவியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவளுக்குக் கல்யாணத்தன்று கூட அவர் கை கொடுத்ததில்லை. வேலை திங்கட்கிழமை தொடங்கும் என்றார்.

திங்கட்கிழமை மேஸ்திரியம்மா வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. அவள் வருவது எந்தக் காலத்திலும் யாரும் எதிர்பார்க்கக்கூடிய விஷயமாக இருந்ததில்லை என்பது தசமத்துக்கு மூன்றாவது வாரம்தான் உறைத்தது. மரக்கடையிலிருந்து பலகை வரவில்லை, ஏனென்றால் மரக்கடைக்காரர் சொன்ன தேதியை அவர் நம்பியதே இல்லை. போன் மணி, பில் கட்டச் சொல்கிற தேதியில் மட்டும் அடித்தது. பால் பொங்கவில்லை. தையல் ஊசி உடையவில்லை. யாரும் தும்மவில்லை. தெரியாத ஒருவர் வந்து விலாசம் கேட்கவில்லை. வாசலில் காய்ந்த துணியைக் காற்று தள்ளிவிடவில்லை. மனைவி ஒருநாள் மிஷினை நிறுத்திவிட்டு, “இந்த வீட்ல ஒரு விக்கல்கூட வரமாட்டேங்குதுங்க” என்றாள். அவர் அதை ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டார். அவ்வளவு பெரிய அறிவாளி.

மகள் வரவில்லை என்பதை யார் முதலில் கவனித்தார்கள் என்று சொல்வது கஷ்டம். முதல் மாதம் டியூட்டி அதிகம் என்று நினைத்தார்கள். இரண்டாவது மாதம் ஹாஸ்டலுக்குப் போனார்கள். அவள் வார்டில் டியூட்டியில் இருந்தாள், பார்க்க முடியவில்லை. அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துத்தான் போயிருந்தார்கள். நாலாவது மாதத்திலிருந்து ஞாயிறுதோறும் பத்து மணிக்கு போன் செய்தார்கள். எடுப்பாள். “சாப்டியாம்மா?” “சாப்டேன்ப்பா.” “வேலை எப்படிப் போகுது?” “போகுதுப்பா.” “உடம்பைப் பாத்துக்க.” “நீங்களும்.” ஒரு ஞாயிறு, போன் செய்வதற்கு முன்னால் தசமம் ஒரு காகிதத்தில் இந்த ஆறு வரியையும் எழுதி வைத்துக்கொண்டு, அவள் பேசப் பேச ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே போனார். ஒரு சொல் மாறவில்லை. போனை வைத்தபிறகு காகிதத்தை மனைவியிடம் காட்டினார். சாமர்த்தியத்தைக் காட்டுவதற்காகத்தான் காட்டினார். அவள் அதைப் படித்தாள், திருப்பிப் பார்த்தாள், தையல் பெட்டிக்குள் வைத்தாள்.

“அவ என்னைக்குங்க சொல்லிட்டு வந்திருக்கா?” என்றாள். “அவ வர்றதே திடீர்னு வர்றதுதானே. அதைத்தான் நீங்க பூஜ்யம் போட்டு வச்சிருக்கீங்க.”

தசமம் கோப்பை எடுத்தார். பாண்ட் முடிகிற தேதி அதில் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது. அடுத்த மாதம் முப்பது. மாற்றல் மனுவை வாங்கிப் பூர்த்தி செய்துவைத்துவிட்டதாக அவள் எப்போதோ சொல்லியிருந்தாள். முப்பதாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்குள் கொடுக்க வேண்டும். அவள் அதைக் கொடுப்பாள் என்பது ஆறு வருடமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்த விஷயம். இந்த வீட்டில் இப்போது எதிர்பார்த்தது மட்டுமே நடந்தது. பில் வரும் என்றால் வந்தது. பாண்ட் முடியும் என்றால் முடியும். மகள் போவாள் என்றால் போவாள். பதினாறு மணி நேர ரயில் தூரத்தில் இருந்துகொண்டு ஞாயிறு பத்து மணிக்கு, சாப்டேன்ப்பா என்பாள். அவர் தன் கையால் போட்ட மூன்று பூஜ்யங்களைப் பார்த்தார். மூன்றும் வாயைத் திறந்துகொண்டு அவரைப் பார்த்தன.

மறுநாள் ஆபீசுக்கு லீவ் சொல்லிவிட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஆறாவது மதிப்பீடு போட்டார். கையிருப்பு மொத்தம் ஐந்து லட்சத்து இருபத்தேழாயிரத்து அறுநூற்று நாற்பது. தரைப் பலகை என்று எழுதினார், எதிரே பூஜ்யம் போட்டார். கூரை ஜன்னல், பூஜ்யம். படிக்கட்டு, பூஜ்யம். கதவு என்று எழுதும்போது பேனா நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அதற்கும் பூஜ்யம் போட்டார். ஆள் கூலி, ஆணி, பெயின்ட், வயரிங் எல்லாம் பூஜ்யம். பிறகு கடைசி வரிக்கு வந்து, நூறு சதவீதம் என்று எழுதினார். மனைவி தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப பரண்?”

“பரண் கிடையாது.”

“நூறுக்கு என்ன வரும்ங்க? பத்துக்கே கொளம் வந்துச்சு.”

“தெரிஞ்சா அந்த வரில எழுத முடியாதேம்மா.”

“வீடே போயிட்டா?”

“போகட்டும்னு சொல்ல மாட்டேன். போகலாம்.”

அவள் மிஷினிடம் போய், தைத்துக்கொண்டிருந்ததைப் பாதியில் நிறுத்தி, வாடிக்கையாளர்களின் துணிகளை மட்டும் மூட்டை கட்டிப் பக்கத்து வீட்டு டிரைவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். ஊரார் துணிக்கு நாம் பதில் சொல்ல முடியாது என்றாள். தசமம் பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனாவை எடுத்து, ‘தொகை மிக அதிகம். காரணம் காட்டவும்’ என்று ஓரத்தில் எழுதினார். பிறகு நீலப் பேனாவை எடுத்து அதன் கீழே, ‘காரணம்: மகள்’ என்று பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். காகிதம் மேலே போக வேண்டிய இடம் எதுவும் இல்லாததால், மேசைமேலேயே வைத்தார்.

காலையில் இரண்டு பேரும் ஏணியின் கீழ் நின்றார்கள். யார் முதலில் ஏறுவது என்று பேச்சு வந்தது. கணக்குப் போட்டவர்தான் ஏற வேண்டும் என்று முடிவானது. மேலே ஒரு கதவு இருந்தது. நீலப் பெயின்ட் அடித்த, இரட்டைப் பலகைக் கதவு. மேலே வெள்ளையில் 14 என்று எழுதியிருந்தது. கதவைச் சுற்றி நாலு சுவரும் இருந்தன. தள்ளினால் திறக்கவில்லை, உள்ளே தாழ்ப்பாள். சாவித்துவாரத்தில் பார்த்தார். இரும்புக் கட்டில், அலமாரி, மேசை, ஆணியில் தொங்கிய நர்ஸ் உடுப்பு. கட்டிலில் அவர் மகள் இரவு டியூட்டி முடிந்து வந்து, சுவர் பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் இறங்கி வந்து, “பாப்பாவோட ரூம் வந்திருக்கு” என்றார். “பாப்பா?” “உள்ள தூங்குது.” அம்மா ஏணியில் ஏறி, துவாரத்தில் கண்ணை வைத்து, கால் மரத்துப்போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கும்போது, மெலிந்துவிட்டாள் என்று மட்டும் சொன்னாள்.

பதினோரு மணிக்கு ஹாஸ்டல் வார்டன் போன் செய்தாள். கோபம் இல்லை, களைப்பாகப் பேசினாள். “உங்க பொண்ணு ரூமை எடுத்துட்டுப் போயிட்டாங்க சார். பதிமூணுக்குப் பக்கத்துல இப்ப நேரா பதினஞ்சுதான் இருக்கு. மெத்தையை வெளிய எடுத்துட்டுப் போகக்கூடாதுன்னு ரூல்ஸ்ல இருக்கு. ரூமைப் பத்தி ஒண்ணும் போடல. அதனால நஷ்டஈடு மட்டும் கட்டிடுங்க.” சாயங்காலமே ஆள் மூலம் பட்டியல் வந்தது: சுவர் நாலு, கூரை ஒன்று, கதவு தாழ்ப்பாளுடன் ஒன்று, ஜன்னல் ஒன்று, கட்டில், அலமாரி, மேசை, மின்விசிறி, பல்பு இரண்டு, அதில் ஒன்று எரியாததால் விலையில் கழிவு. தசமம் அதை எதிரே வைத்துக்கொண்டு இரண்டு முழு நாள் சரிபார்த்தார். வரிக்கு வரி கூட்டினார், கீழிருந்து மேலாகக் கூட்டினார். ஐந்து லட்சத்து இருபத்தேழாயிரத்து அறுநூற்று நாற்பது, புள்ளிக்குப் பிறகு பூஜ்யம் பூஜ்யம். இருபத்தெட்டு வருடத்தில் முதல்முறையாக அடுத்தவர் போட்ட ஒரு பட்டியலில் குறை சொல்ல எதுவும் இல்லாமல், பணத்தைக் கட்டினார்.

மகள், அறை வந்த அன்று மாலை நாலரைக்கு எழுந்தாள். சோப்புப் பெட்டியும் துண்டுமாகத் தாழ்ப்பாளைத் திறந்து வராந்தாவுக்கு வந்தவள், அங்கே வராந்தாவுக்குப் பதில் ஏணி இருந்ததைப் பார்த்தாள். கீழே அம்மா அண்ணாந்து நின்றாள். அம்மாவுக்குப் பின்னால் அப்பா, கையில் அளவு டேப்போடு. மகள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, “பாத்ரூம் அதே எடத்துலதானேம்மா இருக்கு?” என்று கேட்டு, ஏணியில் இறங்கினாள். குளித்தபிறகு மூன்று பேரும் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவள் அன்று என்ன பேசப்போகிறாள் என்று தசமத்தால் ஒரு வார்த்தைகூட முன்னால் சொல்ல முடியவில்லை. வார்டில் ஒரு நோயாளி டாக்டர் மாதிரியே பேசி மற்ற நோயாளிகளுக்கெல்லாம் மருந்து மாற்றி எழுதிக்கொடுத்த கதையைச் சொன்னாள். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தது.

அறையைத் தசமம் நிதானமாக அளந்தார். அறையின் உயரம் பத்தடி. பரணின் உயரம் நடுவிலேயே ஏழரை அடிதான். இரண்டையும் மூன்று முறை அளந்தார், இரண்டும் சரியாக இருந்தன. ஜன்னலைத் திறந்தால் தெரு தெரியவில்லை. ஆஸ்பத்திரியின் ஆம்புலன்ஸ் நிறுத்துகிற இடம் தெரிந்தது. அது பஸ்ஸில் நாற்பது நிமிடத் தூரம். மகளுக்கு அது வசதியாக இருந்தது. டியூட்டிக்கு ஆள் குறைகிறதா என்று படுக்கையில் இருந்தே பார்த்துக்கொண்டாள், எதிர் ஜன்னல் சிநேகிதிகளோடு அங்கிருந்தே பேசினாள், வேலைக்கு மட்டும் எல்லோரையும் போல ஏணியில் இறங்கி பஸ் பிடித்துப் போனாள். கதவைச் சாத்தினால் கீழே ஓடுகிற மிஷின் கேட்பதில்லை. அம்மா ஒருநாள் சோதிப்பதற்காக மிகக் கெட்டியான துணியை எடுத்து மிஷினை அலறவிட்டாள். மகள் மதியம் மூன்று வரை எழவில்லை.

மேஸ்திரியம்மா ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். மேலே ஏறி, சுவரை விரல் முட்டியால் தட்டினாள், கைப்பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து மூலையில் வைத்துப் பார்த்தாள், முகத்தைச் சுளித்தாள். “யாரு சார் பண்ணினா இத? பூச்சு சுமார்தான்.” ஏணியில் இறங்கும்போது ஒரு படி ஆடியது. கீழே வந்து, படிக்கட்டு தான் போட்டுத் தருவதாகவும், மரம் தன்னிடமே மிச்சம் கிடப்பதாகவும், காசு கைக்கு வரும்போது கொடுத்தால் போதும் என்றும் சொன்னாள். தசமம் பேனாவைத் தேடிச் சட்டைப்பையில் கைவிட்டார். “ஐயா சாமி, இதுக்கு மட்டும் மதிப்பீடு போடாதீங்க” என்றாள். அவர் கையை வெளியே எடுத்தார். படிக்கட்டு எட்டு நாளில் முடிந்தது. கைப்பிடி ஒரு அங்குலம் கோணல். எவ்வளவு செலவானது என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. வரி ஆபீசிலிருந்து வந்த குமாஸ்தா மாடியைச் சுற்றிப் பார்த்து, ‘மேலே ஓர் அறை, முழுமை’ என்று எழுதிக்கொண்டு, ஆம்புலன்ஸ் சத்தம் தொந்தரவாக இருக்காதா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனான்.

முப்பதாம் தேதி வந்தது. காலையிலிருந்து தசமம் ஆபீசுக்கும் போகாமல், மாடிக்கும் ஏறாமல், கூடத்தில் பேப்பரை வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் படித்தார். பதினொன்றே முக்காலுக்கு மகள் மேலிருந்து, “அப்பா, இங்க கொஞ்சம் வாங்க” என்று கூப்பிட்டாள். கதவு திறந்துதான் இருந்தது, இருந்தாலும் தட்டிவிட்டுப் போனார். அவள் மேசையின் ஒரு முனையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தாள். அறை வந்து உட்கார்ந்த இடத்தில் உத்தரம் மட்டமாக இல்லை, அதனால் எழுதும்போதெல்லாம் மேசை ஆடுகிறது என்றாள். கட்டிலில் கிடந்த மாற்றல் மனுவை எடுத்து நாலாக மடித்து ஆடுகிற காலுக்கு அடியில் வைக்கச் சொன்னாள். அவர் குனிந்து மடித்தார். நாலு மடிப்பு கொஞ்சம் மெல்லியதாக இருந்தது. எட்டாக மடித்து வைத்தார். அவள் மேசையை இறக்கி, உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். இப்போது அது ஆடுவதில்லை.